வாயைத் திற, வெளிச்சம் பார்க்கணும்

இந்த ஜென்மத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காருவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். நான் சுவரில் அலமாரி மாட்டும் வேலை செய்பவன். நாள் முழுக்க டிரில் பிடிக்கிற கை. அது எப்படி நழுவும் என்று தெரிந்தவன் அதற்கு வாயைத் திறந்து காட்டுவானா?

என் வலது கடைவாய்ப்பல் சபதத்தையெல்லாம் மதிக்கவில்லை. நான் காபியை இடது பக்கமாகவே ஒதுக்கிக் குடிப்பதை மனைவி கவனித்துவிட்டாள்.

“ஊர்ல இருக்கிற சுவர்லயெல்லாம் ஓட்டை போடுறீங்க. உங்க பல்லுல ஒரு ஓட்டையை அடைக்க இவ்வளவு பயமா?”

“பயமா? எனக்கா? நேரமில்ல.”

“சரி, டாக்டர் வேணாம். கிளினிக்ல ஒரு ஆப் வச்சிருக்காங்க. வாயைப் படம் பிடிச்சு அனுப்பினா ஏஐ பார்த்துச் சொல்லிடும். டாக்டர் தேவையில்லன்னு அது சொல்லிட்டா, நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு சலுகை எனக்குக் கிடைத்ததில்லை. மண்டைக்குள் பளிச்சென்று பல்பு எரிந்தது.

“நீ கொஞ்சம் வாயைத் திறயேன். வெளிச்சம் சரியா விழுதான்னு பார்க்கணும்.”

“என் வாய் எதுக்கு?”

“ஒத்திகைக்கு.”

திறந்தாள். ஒரு கையில் டார்ச், மறு கையில் போன். மேல் வரிசை, கீழ் வரிசை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அத்தனையும் முத்து முத்தான பல். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படங்களையே என் பெயரில் அனுப்பிவிட்டேன். இது யாருடைய பல் என்று பல்லில் எழுதியா ஒட்டியிருக்கிறது?

உடனே பதில் வந்தது: ‘பற்கள் நல்ல நிலையில் உள்ளன. இப்போது சிகிச்சை தேவையில்லை.’ அதற்குக் கீழே இன்னும் நீளமாக ஏதோ இருந்தது. பாஸான பிறகு விடைத்தாளை யார் படிக்கிறார்கள்? போனை மனைவியிடம் நீட்டினேன்.

நிதானமாக, கடைசி வரி வரை படித்தாள்.

“ரொம்ப சந்தோஷங்க” என்றாள்.

அன்று மாலை ஒரு தட்டு நிறைய வறுத்த சோளம் வந்தது.

“எனக்கு வேணாமே...”

“ஏன்? பல்லுதான் நல்லா இருக்கே. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே!”

மென்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிப்பதில்தான் சிக்கலே. மறுநாள் ஐஸ்கிரீம் கொடுத்தாள். பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சரணடைந்தேன்.

“அந்த ஏஐக்கு ஒரு மண்ணும் தெரியல. கிளினிக்குக்கே போயிடலாம்.”

“அடடா, அப்படியா? சட்டையை மாத்துங்க. இன்னும் அரை மணி நேரத்துல நம்மளக் கூப்பிட்டுடுவாங்க.”

எப்போது பதிவு செய்தாள் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

டாக்டரம்மா பேனா மாதிரி ஒரு கேமராவை என் வாய்க்குள் உலவ விட்டார். திரையில் என் பல் பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது. கம்ப்யூட்டர் தானாகவே ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயையும் ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

“வேர் வரைக்கும் போகல. அடைச்சா போதும். நல்ல நேரத்துல வந்தீங்க.”

ஒரு ஊசி, கொஞ்ச நேரம் டிரில்லின் கொசுச் சத்தம், அவ்வளவுதான். தொழில்காரன் சொல்கிறேன், அந்தக் கை நழுவவே இல்லை. நாற்காலியிலிருந்து இறங்கியபோது நெஞ்சிலிருந்து ஒரு அலமாரியையே கழற்றி வைத்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை நாள் நடுங்கினேன்!

தெருவுக்கு வந்ததும் மரத்துப்போன வாயால் சொன்னேன்:

“என்ன இருந்தாலும் அந்த ஆப்பை நம்பக்கூடாது.”

“அது சரியாத்தாங்க சொல்லுச்சு. கீழே படிக்கலையா? ‘மேல் இடது கடைவாய்ப்பல்லின் மேல் போட்ட உறை (கேப்) உறுதியாக உள்ளது.’ போன வருஷம் கேப் போட்டது எனக்கு. உங்களுக்கு எப்போ போட்டாங்க?”

என் வாய் தானாகத் திறந்தது.

“தெரிஞ்சுமா சோளம் வறுத்த?”

“தெரிஞ்சதாலதான் வறுத்தேன். சும்மா கூப்பிட்டா வந்திருப்பீங்களா?” போனைக் கைப்பையில் வைத்தாள். “நானும் பல்லைக் காட்டணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். அலையவே விடாம வீட்டுலயே முடிச்சுக் குடுத்துட்டீங்க.”

அதற்கு டார்ச் பிடித்தவனும் நான்தான்.