பானத் தூதுவரின் தகப்பன் எழுதிக்கொள்வது

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை பாலாம்பாள் அம்மையார் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பு பி பிரிவு தமிழினியின் தகப்பனும், நம் பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே குளிர்பானக் கடை வைத்திருப்பவனுமாகிய பொழிச்சலூர் துளசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் ஆசிரியப் பெருமக்களும் நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

மதியச் சாப்பாட்டோடு பிள்ளைகள் கலர் சோடா குடிக்காமல் நல்ல பானமாகக் குடிக்க வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தீர்கள். நல்ல காரியம். வகுப்புக்கு ஒரு பானத் தூதுவரை நியமித்தீர்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கலர் விற்கிறவன் மகளைத்தானா நியமிக்க வேண்டும்? பச்சை பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்த அன்று மாலையே என் கடைச் சர்க்கரையை என் கடை ஸ்பூனால் அளந்து, சின்னச் சின்னக் கவரில் கட்டி, ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் தொங்கவிட்டாள். "இன்னாம்மா இது?" என்றேன். "இதுக்குள்ள எவ்ளோ சர்க்கரை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ப்பா. மிஸ் சொன்னாங்க" என்றாள். என் மனைவி தனக்கோடி சிரித்தாளே தவிர ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. தினமும் ஆரஞ்சு கலர் குடிக்க வரும் ஆட்டோ குப்புராஜ் மறுநாள் அந்தக் கவரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இன்னா துளசிங்கம், இத்தினி நாளா இவ்ளோ சக்கரையா எனுக்கு ஊத்திகினு இருந்தே? எனுக்கு சுகர் கீதுன்னு உனுக்குத் தெரியும்ல?"

"நீதானப்பா கேட்டே?"

"நான் கேட்டா குட்த்துடுவியா? நீயெல்லாம் ஒரு பிரண்டா?"

அன்றிலிருந்து அவர் அடுத்த தெருவில் இளநீர் குடிக்கிறார்.

பெற்ற பெண்ணோடு என்ன வம்பு என்று நானே நீர்மோர் போட்டேன். மதிய மணி அடித்ததும் வழக்கம்போல் கேட் கம்பிகளுக்கு நடுவே கைகள் நீண்டன. தூதுவர்தான் முதலில் ருசி பார்க்க வேண்டுமாம். ஒரு வாய் குடித்தாள், முகம் ஒரு பக்கமாகக் கோணியது, "யாரும் வாங்காதீங்க, எங்கப்பா மோர் புளிச்சுப் போச்சு!" என்று பள்ளிக்கூடமே கேட்கக் கத்தினாள். மறுநாள் சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ். அதைக் குடித்த எட்டாம் வகுப்பு ஹரிபிரசாத் அப்படியே துப்ப, அது அந்தப் பக்கம் வந்த பி.டி. மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் தெரிவிக்க இயலாது.

மூன்றாம் நாள் தமிழினி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, "நீ ஏன் கலர் குடிக்கிறே?" என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டு எழுதிவந்து என்னிடம் வாசித்தாள். ருசிக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள் என நினைத்தேன். முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒன்றே: ஸ்கூல் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கடை வாசலில் நின்றிருந்த ஹரிபிரசாத்தும், "தாகமா இருக்கு அங்கிள், வேற என்னத்தைக் குடிக்கிறது?" என்றான். அம்மா, அந்த நோட்டை வாங்கி நானே இன்னொரு முறை படித்தேன். ஆறு வருஷமாக அந்தக் கைகளில் பாட்டிலைக் கொடுத்திருக்கிறேன். நம் சரக்குக்கு என்ன மவுசு என்று பெருமைப்பட்டிருக்கிறேன். பிள்ளைகள் தாகத்துக்கு வாங்கியிருக்கிறார்கள்.

மறுநாள் இரண்டு தண்ணீர் கேன் வாங்கி, பள்ளி கேட் அருகே ஸ்டூலில் வைத்தேன். வாட்ச்மேன் சவுரிமுத்து ஸ்டூலோடு உள்ளே இழுத்துக்கொண்டார். பிள்ளைகள் தங்கள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சோறு இறங்குவதற்குள் கேன் காலி. இப்போது தினம் நான்கு கேன் போகிறது. கலர் பாட்டில்கள் பிரிட்ஜுக்குள் குளிரில் நிற்கின்றன, கேட்பாரில்லை. தன் வியாபாரத்தைத் தானே மூடுகிற குளிர்பானக் கடைக்காரனைப் பார்க்கப் பக்கத்து வீட்டு பேபியை வேறு தனக்கோடி கூட்டி வருகிறாள். "எங்க வூட்டுக்காரு சேவை பண்றாருக்கா" என்கிறாள்.

ஆகவே முதல் வேலையாக நல்ல தண்ணீருக்கு வழி செய்யுங்கள். அதுவரை கேன் என் பொறுப்பு. அடுத்ததாக, தமிழினியின் பேட்ஜை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நேற்று அவள் பக்கத்து பேக்கரியைப் பார்த்துக்கொண்டு நின்ற தினுசு எனக்குச் சரியாகப் படவில்லை.

தங்கள் பிள்ளைகள் அனைவரும் நாக்கு வறளாமல் படித்துப் பெரியவர்களாக அம்மன் அருள் புரியட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
பொ. துளசிங்கம்

பி.கு.: இந்தக் கடிதக் கவரை ஒட்டப் போகும்போது தமிழினி வந்தாள். தூதுவர் பதவி மாதம் ஒருவருக்காம், நாளையோடு அவளுக்கு முடிகிறதாம். பேட்ஜைக் கழற்றி, துடைத்து, ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அம்மா, மேலே பேட்ஜைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். அடுத்த மாதமும் இவளையே போடுங்கள். முடியாது என்றால் தயவுசெய்து நீங்களே இவளிடம் சொல்லுங்கள், என்னால் ஆகாது.