நின்னுக்கிறேன் என்றேன்

சிங்கப்பூர்,
14.12.1958

அன்பும் மதிப்பும் நிறைந்த லாசரஸ் மாமா அவர்களுக்கு, மருமகள் பிரிஜட் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் அம்மாவும் நானும் சுகம். மலாக்காவில் நீங்களும் மாமியும் உங்கள் முழங்காலும் சுகமா?

போன வாரம் கடை முதலாளியிடம் நான் சொல்லாததை முதலில் எழுதிவிடுகிறேன். "ஐயா, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒப்பந்தம் முடிய ஒரு வருடம் இருந்தாலும் என்னை விடுவிக்க வேண்டும். எனக்காக ஜாமீன் நின்ற மாமாவைத் தவறாக நினைக்க வேண்டாம்." தேக்காச் சந்தையில் கீரை வாங்கும்போதுகூட இதை மனப்பாடம் செய்தேன்.

மருதப்பன் ஐயாவின் ஜவுளிக்கடையில் கிராணியாக எழுத்து வேலை பார்க்கும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு, ஆனால் வாடிக்கையாளர் யார் வந்தாலும் அது அவருக்குப் போய்விடும், நானும் "நான் நின்னுக்கிறேன்" என்று எழுந்துவிடுவேன், அன்றும் நான் வாயைத் திறக்கப்போன சமயம் ஜோகூர் வியாபாரி ஒருவர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார், அந்நியர் முன்னால் என் கதையைப் பேசக் கூச்சப்பட்டு, "ஐயா, ஜனவரியிலேருந்து நான் நின்னுக்கிறேன்" என்று சுருக்கிவிட்டேன். வேலையை விட்டு நிற்பதைத்தான் சொன்னேன் மாமா.

ஐயா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "இனிமே நீ நிக்கவே கூடாதும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை கைவைத்த தேக்கு நாற்காலி ஒன்று வந்திறங்கியது, ஐயா அதற்குச் சந்தனம் பூசிச் சூடம் காட்டினார், நான் லூர்து மாதா கோவில் பெண் என்பது நினைவு வந்து அதே சந்தனத்தால் ஒரு சிலுவையும் போட்டார், கணக்குப் பார்க்கும் அப்துல் அலீம் பாய், "இனிமே நீ கிராணி இல்ல, ராணி லா" என்றார். உட்கார்ந்தேன். அதையே என் பதிலாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி ஐந்தாம் தேதி சேராவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஐயா கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேன். ஆகையால் நீங்களே அவருக்கு எழுதுங்கள். "விலகுகிறாள்" என்று தெளிவாக எழுதுங்கள். நலம் விசாரித்து முடித்ததும் "நிற்க" என்று போடுவீர்களே, இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அதைப் போடாதீர்கள்.

மாமிக்கு என் வணக்கமும் குட்டி பெர்னார்டுக்கு முத்தமும். உங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்,
பிரிஜட்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்காமல் இந்த ஜனவரி வரை வைத்திருந்தேன். கிறிஸ்மஸுக்கு முன் ஒருநாள் ஐயாவே என் மேசைக்கு வந்து, "எங்கம்மா போற?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

"அன்னைக்கே புரிஞ்சுதும்மா. அனுப்ப மனசு வரல. புரியாத மாதிரி இருந்துட்டேன்."

அன்றே விடுவித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆகவே நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். ஐந்தாம் தேதி கல்லூரியில் சேர்ந்தேன். சனிக்கிழமை மட்டும் கடைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.