பார்பியெரி வீட்டுச் சம்பந்தம்

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பெயர்க்காரர்கள். கை நீட்டி உங்கள் பெயரைச் சொன்னதும், கையை விடாமல் அதன் பொருளை உங்களுக்கே விளக்குபவர்கள், விளக்கி முடித்துத் தலையைச் சற்றுச் சாய்த்து, "ஊரில எந்தப் பக்கம்?" என்பவர்கள், ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்டு, கோயிலைச் சொன்னால் ஒழுங்கையைக் கேட்டு, கடைசியில் "ஆ, அப்பிடியே" என்று ஒரு ஆ போட்டு, அந்த ஆவுக்குள்ளேயே உங்களை எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவுசெய்துவிடுபவர்கள். மொழி ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

லண்டனில் எங்களுக்கு ஒரு கஷ்டம். வெள்ளைக்காரனிடம் எந்தப் பக்கம் என்று கேட்டால் குரோய்டன் பக்கம் என்பான். ஆகவே ஆர்ச்வேயில் பழைய புத்தகக் கடையொன்றில் குடும்பப் பெயர் அகராதி வாங்கினேன். ஸ்மித் கொல்லன், பேக்கர் பாண் போடுகிறவன். என்ன மனிதர்கள்! கூரை வேய்பவனின் பெயரோடு ஒரு அம்மா அப்போது நாட்டையே ஆண்டுகொண்டிருந்தார்.

அகராதியின் புகழ் நோர்பரி வரை போனது. எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிறு, கஸ்பர் என்னை வீட்டுக்கு அழைத்தார். அவருடைய மகள் அஞ்சலீனா ஒரு இத்தாலியப் பையனைக் கட்டப் போவதாகச் சொல்லியிருந்தாள். பையன் தன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு பேச வந்திருந்தான். கத்தோலிக்கர்கள், சுவாமியாருக்குச் சந்தோஷம். கஸ்பரின் மனைவி லூர்தம்மா மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை. என்னைக் குசினிக்குள் மறித்தார்.

"அண்ணை, பெடியன் நல்லவன்தான். ஆனா ஆக்கள் ஆரெண்டு தெரியாமல் எப்பிடி? பேர் பார்பியெரியாம். நீங்கள் சொல்லுங்கோ, நான் ஓமெண்டுறன்."

சொல்ல என்ன இருக்கிறது? பார்பியெரி என்றால் முடிவெட்டுபவர். அந்த ஒரு சொல்லில் கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தக்கூடிய ஆள் நான்தான் என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பக்கத்து அறையில் அஞ்சலீனா சிரிப்பது கேட்டது.

"சத்திரசிகிச்சை" என்றேன். "அந்தக் காலத்தில காயத்துக்கு மருந்து கட்டினது, பல்லுப் பிடுங்கினது எல்லாம் அவையள்தான்."

பொய்யில்லை. பழைய ஐரோப்பாவில் முடிவெட்டியவர்களே இதையும் செய்தார்கள். நான் கத்தரிக்கோலை மட்டும் விட்டுவிட்டேன்.

"டொக்டர்மாரோ!" லூர்தம்மா ரோல்ஸ் தட்டோடு ஹோலுக்கு ஓடி, பையனின் தகப்பனிடம் அதை ஆங்கிலத்தில் கேட்டேவிட்டார்.

கிழவர் வாய் நிறைய ரோல்ஸோடு சிரித்தார். "டொக்டரா? முடிவெட்டுகிறவர்கள். பெயரே அதுதானே. தாத்தா வெட்டினார், அப்பா வெட்டினார், நான்தான் கெட்டுப்போய் இன்சூரன்ஸ் விற்கிறேன்." பிறகு அன்போடு என் பக்கம் திரும்பினார். "உங்கள் பெயரில் என்ன தொழில் இருக்கிறது?"

"பரமேஸ்வரன். எல்லாருக்கும் மேலான கடவுள்."

"அது கடவுளின்ர வேலை, அங்கிள்" என்றாள் அஞ்சலீனா. "உங்கட ஆக்கள் என்ன செய்தவை?"

கஸ்பர் கார்ப்பெட்டைப் பார்த்தார். நான் கஸ்பரைப் பார்த்தேன். கிழவர் வீட்டார் தொழிலைப் பெயராக வாசலில் எழுதி மாட்டிவிட்டு மறந்துபோயிருந்தார்கள். நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. ஒன்றையும் மறக்கவுமில்லை.

லூர்தம்மா என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், கடைசியாக மகளைப் பார்த்தார்.

"அந்தாளுக்கு என்ன தெரியும்" என்றார் தமிழில். "அண்ணை சொன்னால் சொன்னதுதான். சத்திரசிகிச்சை." தட்டைக் கிழவரிடம் மறுபடி நீட்டினார். "ஓம், எடுங்கோ."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பகுதி பரம்பரை வைத்தியர்கள் என்ற கதை மண்டபம் முழுக்கப் பரவி, மூன்று பேர் கிழவரிடம் முழங்காலைக் காட்டினார்கள். நல்ல மனிதர், மூன்றையும் அமுக்கிப் பார்த்தார். ஒருவருக்கு இன்சூரன்சும் விற்றார்.

இவ்வளவு எழுதியும் என் ஊர் எது என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் இரண்டாம் பந்தியிலேயே கவனித்துவிட்டீர்கள், இல்லையா? கஸ்பர் என்றதும் மன்னாரா, யாழ்ப்பாணமா, அதில் எந்தப் பக்கம் என்றுகூட ஒரு கணம் யோசித்திருப்பீர்கள்.

வெட்கப்பட வேண்டாம். அகராதி என்னிடம்தான் இருக்கிறது. இரவல் தருகிறேன்.