பதினெட்டுப் பேருக்கு ஒரே மீன்

ஒரு காலத்தில் திருப்பதியில் பாதி ஊருக்கு நான்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. வாங்குகிறவர் என் செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வாங்குகிறவர் வீட்டில் இருந்தால்தானே? "வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போப்பா" என்பார்கள். வாட்ச்மேனுக்குக் கையெழுத்து என்றாலே பயம். அதனால் என் ஆள்காட்டி விரலே எல்லோருக்கும் உழைத்தது. ஒரு வளைவு, ஒரு வால், அவ்வளவுதான். பார்க்க மீன் மாதிரி இருக்கும். டாக்டருக்கும் அதே மீன், வக்கீலுக்கும் அதே மீன். (சுத்த சைவக்காரர்களுக்கும்தான். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?)

பார்சல்கள் வந்து இறங்கிப் பிரியும் எங்கள் ஹப்பில் இருபத்தாறு பேர். நான் நகரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மற்றவர்களும் அப்படித்தான், ஆளுக்கொரு ஊர். ஏதாவது குறை என்று கம்பெனியிடம் போனால் "நீங்கள் காண்ட்ராக்டர் ஆட்கள்" என்பார்கள். காண்ட்ராக்டரிடம் போனால் "கம்பெனி சொல்றதுதான்" என்று கையை விரிப்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் முனிரத்தினத்தின் கால் உடைந்தது. மழையில் ரேணிகுண்டா ரோட்டில் மூட்டையோடு வண்டி சறுக்கி விழுந்தான். மாவுக்கட்டோடு படுத்திருந்தவனின் ஐடியை, பல நாள் வேலைக்கு வரவில்லை என்று பூட்டிவிட்டார்கள். ஐடி இல்லாவிட்டால் செயலி திறக்காது, செயலி திறக்காவிட்டால் வேலை கிடையாது. வெதுருகுப்பத்திலிருந்து பெண்டாட்டியைக் கூட்டிவந்து, இரண்டு பிள்ளைகளையும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான் அவன். திங்கட்கிழமை முதல் அவனுடைய லைனை, அதாவது அவன் பார்சல் கொடுக்கும் தெருக்களை, வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் நாங்கள் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். சங்கம் ஆரம்பிப்பது என்றும், அதற்கு முன் முனிரத்தினத்தின் ஐடியைத் திறக்கச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுப்பது என்றும் முடிவானது. இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்கும் பொறுப்பு எனக்கு. தமிழும் தெலுங்கும் தெரியும், இங்கிலீஷும் அரைகுறையாக வரும் என்பதால். (முடியாது என்று சொல்லத் தெரியாதவன் என்பதாலும்தான்.)

மனு தயாரானபோது, என்னையும் முனிரத்தினத்தையும் சேர்த்து எட்டுப் பேர் ஹப்பிலேயே போட்டோம். மீதிப் பதினெட்டுப் பேரும் லைனில். ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன்.

"எங்க கீற? மனுவுல கையெழுத்து போடணும்."

"சந்திரகிரில சுத்திக்கினு கீறேண்ணா. நீயே போட்டுடு."

போட்டேன். பதினெட்டு மீன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலை தொழிலாளர் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி மேடம். இந்தப் பக்கம் ஒரு ஓரத்தில் மேடம் கூப்பிட்டனுப்பிய ஹப் மேனேஜர், மறு ஓரத்தில் ஊன்றுகோலோடு முனிரத்தினம், நடுவில் தலைவர் மிடுக்கோடு நான். மேனேஜர் மனுவை வாங்கிப் புரட்டினார். சிரித்தார். "மேடம், இந்த மீனை எனக்கு நாலு வருஷமாத் தெரியும்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுத் தன் செல்போனை நீட்டினார். முந்தைய நாள் நான் கொடுத்த பார்சல்கள், வரிசையாக மீன்கள்.

மேடம் என்னைப் பார்த்தார். "ஈ சந்தகாலன்னீ ஒக்கடே பெட்டாடா?" (இந்தக் கையெழுத்தெல்லாம் ஒரே ஆள் போட்டதா என்கிறார்.)

தப்புதான் மேடம், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் பழக்கதோஷத்தில் சொன்னது வேறு: "வாள்ளு இண்ட்லோ லேரு மேடம்." அவர்கள் வீட்டில் இல்லை மேடம்!

மேடம் மேனேஜர் பக்கம் திரும்பி, "கஸ்டமர் கையெழுத்தை இவர் போடுவது தெரிந்துதான் நாலு வருஷம் விட்டீர்களா?" என்று கேட்டார். மேனேஜர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் எனக்கும் விடுதலை இல்லை. "இந்த மனு செல்லாது. மதியம் ஒரு மணிக்குள் பதினெட்டுப் பேரும் என் முன்னால் வந்து போட்டால் எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அடுத்த வாரம் புதிதாகக் கொண்டு வாருங்கள்" என்றார். அடுத்த வாரம் என்றால் முனிரத்தினத்தின் லைன் போய்விடும்.

"எப்படி வருவாங்க? லைனை விட்டா அவங்க ஐடியும் பூட்டிக்குமே" என்றார் மேனேஜர். முகத்தில் மறுபடியும் அந்தச் சிரிப்பு.

வராந்தாவுக்கு வந்து வாட்ஸ்அப் குழுவில் பேசினேன். "டேய், நான்தான் கெடுத்துட்டேன். ஒரு மணிக்குள்ள எல்லாரும் இங்க வந்து போடணுமாம்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். முனிரத்தினத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவனே ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து என் தோளில் கை வைத்தான். "அளுவாத மாமா. எனக்காவத்தான போட்ட?" அவன் அன்று என்னைத் திட்டியிருந்தால் ஜென்மத்துக்கும் நான் தலை நிமிர்ந்திருக்க மாட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இன்றும் அவனுக்கு நன்றி சொல்கிறேன்.

இருபதாவது நிமிடம் முதல் வண்டி வந்தது. பிறகு இரண்டு, நான்கு என்று வந்துகொண்டே இருந்தன. முதுகில் மூட்டையோடு, வியர்வையோடு, எனக்கான வசவுகளோடு வந்தார்கள். ஒருவன் வாஷிங் மெஷின் ஏற்றிய டெம்போவையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினான். இன்னொருவன் வந்த வேகத்தில் மனுவின் மேல் வெறும் விரலை வைத்து இழுத்துவிட்டு, "ஆச்சு மேடம்" என்றான். மேடம் வாய்விட்டுச் சிரித்து அவனிடம் பேனாவைக் கொடுத்தார். கடைசியாகக் காளஹஸ்தி லைன்காரன் வந்து சேர்ந்தபோது ஒரு மணிக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

வேலைநிறுத்தம் என்று நாங்கள் யாரும் முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஊரின் பார்சல் எல்லாம் அந்த வாசலில் கிடந்தது. மேனேஜரின் போன் ஓயாமல் அடித்தது. "கொஞ்சம் உக்காந்து பேசலாமா?" என்று அவர் எங்களைக் கேட்டது அதுதான் முதல்முறை. பதினெட்டுப் பேரில் ஒருவர் ஐடியும் பூட்டப்படவில்லை, பூட்டினால் மறுநாள் பார்சல் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமைக்கு முன்பே முனிரத்தினத்தின் ஐடி திறந்தது. கால் சரியாகும்வரை அவன் லைன் அவனுக்கே என்று எழுதியும் வாங்கினோம்.

சங்கமும் வந்தது. அதில் எனக்கு எல்லாப் பொறுப்பும் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்குவதைத் தவிர.

வீட்டிலும் இதே கதைதான். மகள் மார்க் அட்டையைக் கொண்டுவந்தால் என்னைத் தாண்டி நேரே அவள் அம்மாவிடம் போகிறாள். "நைனா வேணாம்மா. அது போட்டா, அப்புறம் பதினெட்டு பேரு வண்டி எடுத்துக்கினு வந்து போடணும்" என்கிறாள். வீடே சிரிக்கிறது, நானும் சிரிக்கிறேன். கூப்பிட்டால் அந்தப் பதினெட்டுப் பேரும் நிஜமாகவே வந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.