நாளைக்கு எடுத்த டெஸ்ட்

கண்காணிப்பாளரின் முகம் இல்லாமல் அலுவலக போன் திறக்காது. போன் மேசையில் இருந்தது. முகம் இன்னும் வரவில்லை. மணி ஒன்பது ஐந்து. கப்பல் பத்துக்குக் கிளம்ப வேண்டும்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அறுபத்தெட்டுப் பேர், தரையில் ஒட்டிய மஞ்சள் வட்டங்களில், பெட்டிகளோடு. தீவுக்குப் போகிறவர்கள் மூன்று நாளுக்குள் எடுத்த தொற்றுப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழின் மூலையில் இருக்கும் கறுப்புக் கட்டத்தை அலுவலக போனுக்குக் காட்டினால் டிங் என்று சத்தம் வரும். திரை பச்சையாகும். ‘பயணிக்கலாம்’ என்று எழுத்து விழும். ஆறு மாதமாக இதுதான் அவள் வேலை.

தினமும் காலையில் கண்காணிப்பாளர் வந்து, முகக்கவசத்தை இரண்டு விநாடி இறக்கி, போனுக்குத் தரிசனம் கொடுப்பார். பிறகு மாலைவரை அது பூட்டிக்கொள்ளாது. இன்று அவர் தலைமை அலுவலகத்துக்கு ஒரு காகிதம் வாங்கப் போயிருந்தார். அது அவளுடைய காகிதம்தான். தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரம் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், பெரியப்பா மகனுடைய கடையில் செல்போன் உறை விற்கப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கிய பெண் விற்றால் உறை நன்றாக ஓடும் என்பது பெரியப்பாவின் கணிப்பு.

அவளுக்குச் சத்தமாகப் பேச வராது. அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயரே சைலன்ட்.

டிக்கெட்காரர் கதவுக்குள் தலையை நீட்டினார். “என்ன சைலன்ட், இன்னும் ஆரம்பிக்கலையா? கேப்டன் கத்தறார்.”

“போன் திறக்கல சார்.”

“உங்க சாரைக் கூப்பிடு. பத்தே காலுக்கு மேல தண்ணி இறங்கிடும். அப்புறம் கப்பல் நாளைக்குத்தான்.”

அவள் தன் சொந்த போனில் கண்காணிப்பாளரை வீடியோவில் அழைத்தாள். அவர் ஸ்கூட்டரில் இருந்தார்.

“சார், உங்க முகம் வேணும்.”

“என்னது?”

“மாஸ்க்கை இறக்கிட்டு அப்படியே பாருங்க. நீங்க தெரியறதை நான் ஆபீஸ் போனுக்குக் காட்டறேன்.”

யோசனை அவளுக்கே பெருமையாக இருந்தது. அவர் சாலையோரம் வண்டியை நிறுத்தி முகக்கவசத்தை இறக்கினார். அவள் தன் போனை அலுவலக போனுக்கு நேராகப் பிடித்தாள். அது ஒருமுறை அதிர்ந்து, இவர் யாரென்று தெரியாது என்றது.

“இன்னும் கிட்ட வாங்க சார். சிரிக்காம.”

“நான் எங்கம்மா சிரிச்சேன்?”

அவர் தோளுக்குப் பின்னால் ஒரு போலீஸ் தொப்பி எழுந்தது.

“மாஸ்க் எங்க சார்?”

“இதோ, கழுத்துல.”

“கழுத்தாலயா மூச்சு விடறீங்க? வண்டிச் சாவியைக் குடுங்க.”

திரை இருண்டது. ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். இந்த முறை குரல் மட்டும்.

“ஃபைன் கட்டிட்டேன். முகமெல்லாம் வேண்டாம், நம்பர் போட்டுத் திற. ஆறு எண். என் கல்யாண நாள்.”

“சொல்லுங்க சார்.”

மறுமுனையில் அவர் ஏதோ கணக்கை முணுமுணுத்தார்.

“பன்னெண்டாம் தேதி,” என்றார் கடைசியில். “ஆறாம் மாசம். தொண்ணூத்தெட்டு.”

தப்பு.

“அப்ப பதினொண்ணாம் தேதி.”

தப்பு.

“ஏழாம் மாசமா இருக்குமோ?”

“மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமா சார்?”

“அதுக்கு அந்த போனைக் கடல்ல போட்டுடலாம்.”

ஐந்தாவது தேதியும் தப்பானதும், ஒரு மணி நேரம் கழித்து முயலவும் என்று போன் பூட்டிக்கொண்டது.

“நான் வர பதினொண்ணாகும், பாலத்துல ஒரே நெரிசல்,” என்றார் அவர். “எதையாவது செஞ்சு கப்பலை அனுப்பு. ஆனா ஒரு தப்பு நடந்தாலும் உன் பேப்பர் என் பையைவிட்டு வெளிய வராது. சொல்லிட்டேன்.”

மணி ஒன்பது இருபது.

வரிசையின் முதல் வட்டத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். கண்ணாடியில் மெதுவாகத் தட்டினாள். “தீவு ஆஸ்பத்திரிக்கு டூட்டி மாத்தப் போறேங்க. அங்க இருக்கறவ பதினஞ்சு நாளா ஒத்தை ஆளா பாத்துக்கிட்டிருக்கா. இன்னிக்குக் கப்பல் போயிடுமில்ல?”

அவள் கையை நீட்டி நர்ஸின் சான்றிதழை வாங்கினாள். அதில் கட்டத்தைத் தவிர வேறு எழுத்துகளும் இருந்தன. ஆறு மாதத்தில் அவற்றில் ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை. பெயர், மாதிரி எடுத்த நாள், நேரம், முடிவு. எல்லாம் தமிழில்தான் இருந்தது.

முக்காலியைக் கூடத்தின் நடுவே இழுத்துப் போட்டு ஏறினாள்.

“எல்லாரும் சான்றிதழை எடுத்து வெச்சுக்கங்க,” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். முதல் வட்டத்துக்கு மட்டும் கேட்டது. மூன்றாவது முறை கூடம் முழுக்க அதிர்ந்தது. சொன்னது யார் என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

எல்லோரும் போனை எடுத்தார்கள். பாதி போன்கள் முகக்கவசம் போட்ட சொந்தக்காரர்களையே அடையாளம் தெரியாது என்றன. கையுறை போட்டவர்களின் விரலை மீதிப் போன்கள் ஏற்கவில்லை. ஒருவருடைய சான்றிதழ் அவர் மகனுக்குப் போய், மருமகளுக்குப் போய், குடும்பக் குழுவில் இருநூறு ‘இனிய காலை வணக்கம்’ பூக்களுக்கு அடியில் கிடந்தது.

“சார்ஜ் இல்லாதவங்க தண்ணி கேனுக்குப் பக்கத்துல இருக்கற பிளக்குக்குப் போங்க,” என்றாள். “திறந்தவங்க இடப்பக்கம். பூவுக்குள்ள தேடறவர் தேடிக்கிட்டே இருங்க, கடைசியில பாக்கறேன்.”

நர்ஸ் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். இவள் படிக்க, நர்ஸ் எழுதினாள். கூடம் துடைக்கிற அக்கா வரிசையைப் பார்த்துக்கொண்டாள்.

“வட்டத்துக்குள்ள நில்லுங்கய்யா. அழகுக்கா ஒட்டியிருக்கு?”

ஆளுக்கு அரை நிமிடம். பத்துப் பேர் தாண்டியதும் கண் தானாகவே தேதிக்குப் போனது. இருபது பேர் தாண்டியதும் அவளுக்கு அது பிடித்துப்போனது. ஒருவர் தன் தம்பியின் சான்றிதழை நீட்டினார். அவருடையதைத் தேடி எடுக்க வைத்தாள். ஒரு குழந்தையின் வயது நாற்பத்திரண்டு என்று இருந்தது. பரிசோதனை நிலையத்துக்கு நர்ஸை விட்டு போன் போட்டுத் திருத்தி வாங்கினாள்.

பிறகு கோட்டு போட்ட மூவர் வந்தார்கள். மூவரும் காகிதத்தில் அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்கள். அவள் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“சார், இது நாளைக்கு எடுத்த டெஸ்ட்.”

“அதுக்கென்ன?” என்றார் நடுக் கோட்டு.

“நாளைக்கு இன்னும் வரலையே சார்.”

“ரொம்ப ஃபாஸ்டான லேப்மா அது.”

வரிசையில் சிரிப்பு பரவியது. கோட்டு சிரிக்கவில்லை.

“போன வாரமும் இதே லேப். இதே கவுண்டர். டிங்னு விட்டீங்களே.”

“அன்னிக்கு போன் பாத்துச்சு சார். இன்னிக்கு நான் பாக்கறேன்.”

“உன் வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியும் சார். ஓரமா உக்காருங்க. அடுத்தவங்க வாங்க.”

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கடைசி ஆள் பூக்களுக்குள்ளிருந்து சான்றிதழைக் கண்டுபிடித்தார். அறுபத்தைந்து பேர் ஏறினார்கள். கப்பல் ஊதியது. மேல்தளத்திலிருந்து நர்ஸ் இரண்டு கைகளையும் ஆட்டினாள். அவளும் ஆட்டினாள்.

டிக்கெட்காரர் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். “ஆறு மாசத்துல இன்னிக்குத்தான் சொன்ன நேரத்துக்குக் கிளம்புது. இதுல என்ன சைலன்ட் வேண்டிக் கெடக்கு. வேற பேர் வைக்கணும்மா உனக்கு.”

அப்போதுதான் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

பதினொன்றுக்குக் கண்காணிப்பாளர் வந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மூன்று கோட்டுகளும் சூழ்ந்துகொண்டன. கப்பல் போய்விட்டது, மானம் போய்விட்டது, மேலிடம் வரைக்கும் போவோம்.

அவர் அலுவலக போனை எடுத்தார். சுற்றிலும் போலீஸ் இல்லை என்று பார்த்துக்கொண்டு முகக்கவசத்தை இறக்கினார். போன் திறந்தது. முதல் காகிதத்தைக் காட்டினார். டிங். இரண்டாவது. டிங். மூன்றாவதற்கும் டிங்.

“மூணும் பச்சை,” என்றார்.

“தேதியைப் படிங்க சார்.”

“நான் எதுக்கும்மா படிக்கணும்? படிக்கத்தானே போன் குடுத்திருக்காங்க.”

பையிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார். அதையும் கோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அது மெஷின். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதுல நான் கையெழுத்துப் போட்டா அடுத்து என் வேலை போகும்.”

உறை பைக்குள் திரும்பிப் போகத் தொடங்கியது.

“போடாட்டி பரவாயில்ல சார்,” என்றாள். கூடத்தின் கடைசி வட்டம்வரை கேட்டது. “நாளைக்கு எடுத்த டெஸ்டை நான் இன்னிக்கு விட மாட்டேன்.”

கூடம் துடைக்கிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

“கையெழுத்தைப் போட்டுடுங்க சார்,” என்றாள். “நேத்து மேசை துடைக்கறப்ப என் பினாயில் பாட்டில்ல இருக்கற கறுப்புக் கட்டத்தை அந்த போன் பாத்துச்சு, அதுக்கும் டிங்னு பச்சை காட்டி, பயணிக்கலாம்னுதான் சொல்லிச்சு.”