ஆண் கொடி ஒழிப்புக் குழுவின் அருந்தொண்டு

உலகில் ஒழுக்கம் என்று ஏதாவது மிச்சம் இருக்குமானால், அது முனிக்குக்கு வடக்கே எங்கள் ஹாலர்டாவ் வட்டாரத்தில், அதிலும் எங்கள் ஹாஸ்ல்பாக் ஊரின் ஹாப் தோட்டங்களில்தான் இருக்கிறது. கன்னியர் மடங்களில்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது. மடத்துக் கன்னியர் ஞாயிற்றுக்கிழமையாவது பாதிரியார் முகத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் ஹாப் கொடிகள் பிறந்தது முதல் ஓர் ஆணின் முகத்தைப் பார்த்ததில்லை.

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்பின் பெண் கொடி விடும் பச்சைக் கூம்புகள். ஆண் கொடி கூம்பு விடாது. அதனிடம் இருப்பது மகரந்தம் ஒன்றுதான். அது காற்றில் வந்து பெண் கொடிமேல் பட்டால் கூம்புக்குள் விதை விழும். விதை விழுந்த கூம்பைப் பீர் காய்ச்சுகிறவர் கையால் தொடமாட்டார். ஆகவே நாங்கள் வேரைத் துண்டு போட்டு நட்டு, தலைமுறை தலைமுறையாகப் பெண்களை மட்டுமே வளர்க்கிறோம். ஆண் எங்கே தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்குவது ஊர்ச் சட்டம்.

இந்தப் புனிதப் பணிக்கென்றே எங்கள் ஊரில் 'ஆண் கொடி ஒழிப்புக் குழு' இயங்கி வருகிறது. அதன் தலைவர் திரு. கௌடென்ஸ் புருக்கர். ஆணாகப் பிறந்தும் ஆணினத்தின்மேல் இத்தனை வெறுப்புக் கொண்ட உத்தமரை நான் வேறெங்கும் கண்டதில்லை. குழுவினருக்கு மின்னும் மேல்சட்டை தைத்துக் கொடுத்தார். 'தூய்மையே எங்கள் குலம்' என்று தொப்பியில் பொறித்தார். ஆண் கொடியின் படத்தைக் குழுவினருக்குக் காட்டலாமே என்று ஒருவர் கேட்டபோது, "அந்தக் கண்றாவிய எதுக்குப் பாக்கணும்?" என்று மறுத்துவிட்டார். விளைவு, குழுவில் ஒருவருக்கும் ஆண் கொடி எப்படி இருக்கும் என்றே தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அவர்கள் ஓர் ஆண் கொடியைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. வெற்றிக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

குழு கூடுவது புருக்கர் வீட்டுப் பின்கட்டில், கொடிப் பந்தலின் கீழ். பட்டணத்து அலங்காரக்காரர் ஒருவர் கொண்டுவந்து நட்ட 'சிறப்பு அலங்கார ஹாப்' அந்தப் பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. கூம்பே விடாத ரகம். குப்பை உதிராது, மேசை சுத்தமாக இருக்கும் என்று புருக்கர் அதைப் பெருமையாகச் சொல்வார். தன் கையாலேயே தண்ணீர் ஊற்றுவார்.

இப்படிப்பட்ட ஊரில், சில ஆண்டுகளாகக் கூம்புகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விதை தென்பட்டது. போன அறுவடையில் கைப்பிடி கைப்பிடியாக விதை. குழு ஆழ்ந்து சிந்தித்தது. குற்றவாளி என் வீடு என்று கண்டது.

நான் லோகர். ஞானஸ்நானப் பெயர் கஸ்துலுஸ். ஆனால் எங்கள் பக்கத்தில் மனிதனுக்கு வீட்டுப் பெயர்தான் பெயர். ஊர்ச் சதுக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக நிற்கும், ஊர் வீடுகளின் பெயர்ப்பலகைகள் மாட்டிய மே மாதக் கம்பத்தில் லோகர் வீட்டுப் பலகை என் பாட்டன் காலத்துக்கும் முன்பிருந்து தொங்குகிறது. அதைக் கழற்றுவதும் எங்கள் வாசலில் பிணத்தைக் கிடத்துவதும் ஒன்று.

குழுவினர் ஜூலை மாதத்தில் ஒருநாள் மின்னும் சட்டையோடு வந்து, என் களஞ்சியச் சுவரில் ஏறியிருந்த பழைய கொடியைச் சுற்றி நின்றார்கள். என் தங்கை கிரெசென்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ன புருக்கரே, எங்க வீட்டுச் செவுத்துல ஏதாச்சும் தரிசனமா?"

"இது ஆண் கொடின்னு குழுவுக்குச் சந்தேகம்மா."

"வருஷா வருஷம் செப்டம்பர்ல கூம்பு கூம்பாத் தொங்குதே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"அது வேஷமா இருக்கலாம்."

"வேஷமா?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு கூம்பு விட்டிருக்கலாம். தந்திரக்காரங்க நிறைய இருக்காங்க."

"அப்ப நீங்க மீசை வெச்சிருக்கிறதும் வேஷம்னு நாங்க எடுத்துக்கலாமா?"

புருக்கர் மீசையைத் தடவிக்கொண்டார். பெரிய மனிதர்கள் சில்லறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்துடுங்க, லோகரே. உங்க பலகையப் பத்திப் பேசணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு போனேன். வெயில் கொளுத்தியது. மானம் போகப்போகிற இடத்துக்கு வியர்வையைப் பார்த்துப் போகமுடியாது. கிரெசென்ஸும் வந்தாள். பந்தலின் கீழ் பீர் ஜாடிகளும் முள்ளங்கியும் உப்பு பிரெட்ஸல் ரொட்டியும் பரப்பியிருந்தன. மேலிருந்து மெல்லிய மஞ்சள் தூசு உதிர்ந்து நுரைமேல் படிந்தபடி இருந்தது. ஊரே தும்மியது.

கூட்டத்தில் இரண்டே விஷயங்கள். ஒன்று, புருக்கரின் மகிமை. மற்றொன்று, என் அவமானம். தலைவர் தன் மகிமையை முதலில் வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். புருக்கரின் தோட்டத்து ஓரத்தில் நாலு வருஷத்துக்கு முன் புதிதாக ஒரு பெண் கொடி தானாக முளைத்தது. அதன் கூம்பில் இதுவரை யாரும் முகராத மணம். பெரிய பீர் காய்ச்சுகூடங்கள் கேட்டு வருகின்றன. அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். எங்கள் நாட்டில் ஹாப் வகைக்கு அது பிறந்த மண்ணின் பெயரையே வைப்பது வழக்கம். ஆனால் காலம் முன்னேறிவிட்டது. ஆகவே முனிக்கிலிருந்து 'பெயர் ஆலோசகர்' ஒருவரை வரவழைத்திருந்தார்கள். பெயர் செவெரின். காலுறை இல்லாமல் பூட்ஸ் அணிந்திருந்தார்.

"பேரு கேட்டதும் ஒரு பயணம் தொடங்கணும்," என்றார் செவெரின். "'மாம்பழ விடியல்'னு வெக்கலாம்."

"மாம்பழம் எங்கய்யா இங்க வெளையுது?" என்றார் கடைசி பெஞ்சில் ஒருவர்.

"அதனாலதான் அது பயணம்."

புருக்கர் இருமினார். "எனக்கு விளம்பரம் புடிக்காது. இருந்தாலும் பழைய வழக்கம்னு ஒண்ணு இருக்கே. பொறந்த மண்ணு பேரு. 'புருக்கர்'னு வெச்சா வெச்சுட்டுப் போகட்டும். நான் தடுக்கமாட்டேன்."

இந்தத் தியாகத்துக்குக் கைதட்டல் எழுந்தது. நானும் எழுந்தேன்.

"வாழ்த்து, தலைவரே. ஒரு சின்ன சந்தேகம். அது நீங்க வேர் நட்டு வந்ததா?"

"இல்லையே. தானா மொளைச்சது. வெதையிலேர்ந்து."

"வெதையா. சந்தோஷம். வெதை வேணும்னா அப்பன் ஒருத்தன் வேணுமே?"

பந்தலின் கீழ் தும்மல்கூட நின்றது. புருக்கர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு பளிச்சென்று மலர்ந்தது. மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"அப்பன் எங்கேன்னா கேக்கறீரு? உம்ம களஞ்சியச் செவுத்துல! அதுதானய்யா வழக்கே! உம்ம வாயாலயே மாட்டிக்கிட்டீரு லோகரே!"

"அப்படியா," என்றேன். "எல்லாரும் கேட்டீங்கல்ல? அப்பன் எங்க வீட்டு ஆளுன்னு தலைவரே சொல்லிட்டாரு. அப்ப குழந்தைக்கு எங்க வீட்டுப் பேரு. 'லோகர்'. பலகையக் கழட்டறதுக்கு ஏணி கொண்டு வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அதே ஏணியில ஏறி ரெண்டடி மேல மாட்டிடுங்க."

"லோகர்," என்று செவெரின் கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தார். "சுருக்கமா இருக்கு. நல்லா இருக்கு."

"யோவ், நீர் சும்மா இரும்!" என்று கத்தினார் புருக்கர். வாழ்நாளெல்லாம் காத்த நிதானம் அப்போதுதான் அவரை விட்டுப் போனது. "யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் பேரு? அது என் மண்ணு! தாயும் என் எல்லைக்குள்ள, அப்பனும் என் எல்லைக்குள்ள! வெளியாள் மூச்சுக்காத்துகூடப் படலை! சத்தியம் பண்றேன்!"

மாதாவின் பெயரால் சத்தியமும் செய்தார். நான் தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டேன்.

"நீங்க சொன்னா சரிதான் தலைவரே. அப்ப எங்க செவுரு நிரபராதி. உங்க எல்லைக்குள்ள இருக்கிற அந்த அப்பன் எங்க?"

குழுவினர் நாற்காலிக்கு அடியில் எல்லாம் பார்த்தார்கள். கிரெசென்ஸ் தன் ஜாடியில் மிதந்த மஞ்சள் தூசை விரலால் வழித்தெடுத்தாள். அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பந்தலைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு விஷயம். இந்தக் கொடி மட்டும் ஏன் கூம்பே விடறதில்ல?"

மின்னும் சட்டை போட்ட அத்தனை பேரும் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார்கள். பச்சைப் பூச்சரங்கள் கொத்துக் கொத்தாக அவர்கள் தொப்பிமேல் தொங்கின. காற்று லேசாக அசைத்தது. 'தூய்மையே எங்கள் குலம்' என்ற எழுத்தின்மேல் மகரந்தம் பொழிந்தது.

"அலங்காரக்காரன் ஏமாத்திட்டான்," என்றார் புருக்கர் ஈனக் குரலில்.

"அவன் ஒரு தடவதான நட்டான்," என்றார் கடைசி பெஞ்சுக்காரர். "வருஷம் பூரா தண்ணி ஊத்தினது யாரு?"

அன்றே அந்த ஏணி பயன்பட்டது. பந்தலை வெட்டி இறக்கினார்கள். வேரைத் தோண்ட எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். நான் கோட்டைக் கழற்றவில்லை, குனியவுமில்லை. லோகர் வீட்டார் அடுத்தவர் வீட்டு அப்பனைத் தோண்டி எடுப்பதில்லை.

கடைசியாகப் பெயர் விஷயம் மிச்சம் இருந்தது. புருக்கர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "லோகரே, உம்ம பேரையே வெச்சுக்கும்யா. இல்ல, அந்த மாம்பழத்தையாவது வைங்க."

"அது எப்படி? சத்தியம் பண்ணியிருக்கீங்களே," என்றேன்.

ஆகவே இன்று ஹாஸ்ல்பாக் ஊரின் பெருமையைக் கடல் கடந்து கொண்டுபோகும் அந்தக் கொடிக்கு 'புருக்கர்' என்றே பெயர். வாக்கெடுப்பில் முதலில் கையைத் தூக்கியவன் நான். வழக்கம் வழக்கம்தான்: ஹாப்பின் பெயரைச் சொன்னால் அது பிறந்த இடத்தைச் சொன்னதாகும். இனி உலகில் எவன் எந்த மூலையில் அந்த ஹாப் போட்ட பீரைப் பெயர் சொல்லிக் கேட்டாலும், எங்கள் ஊரைக் கெடுத்த ஆண் யார் வீட்டுப் பந்தலில் வளர்ந்தது என்பதையும் அவன் தன் வாயாலேயே சொல்லித்தான் வாங்குவான்.