வெட்டாத நானாவும் ஹுன்னஸ்கிரிய அழைப்பும்

கண்டிக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில், ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்தாமலே தலைகீழாக மாற்றக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். எங்கள் மொபைல் நிறுவனத்தின் கண்டிக் கிளையில் வேனில் ஊர் ஊராகப் போய் சிக்னல் சோதிப்பது அவர் வேலை. அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் வெட்டாத நானா; முஸ்லிம் வீடுகளில் அண்ணன் என்றால் நானாதான்.

தேநீர்க் கடையில் பால் தேநீர் கேட்பார். பாதி குடித்ததும் மனம் பாலில்லாத பிளேன்டீக்கு மாறிவிடும். வேறு கப் வாங்க மாட்டார். "இதுக்குள்ளயே ஊத்துங்க மச்சான்" என்று கப்பை நீட்டுவார். பேராதனைக்கு என்று ஏறிய ஆட்டோவைப் பாதி வழியில் கட்டுகஸ்தோட்டைக்குத் திருப்புவார். "நிப்பாட்ட வேணாம், அப்படியே வளைச்சு எடுங்க" என்பார். வீட்டைத் திருத்தியபோது, மனைவி சோறு வடித்துக்கொண்டிருக்கையிலேயே குசினியை மறுபக்கத்துக்கு மாற்றியவர். வடிக்கத் தொடங்கியது பழைய குசினியில், இறக்கியது புதிய குசினியில் என்று அந்த அக்காவே ஒரு பெருநாளன்று எங்களிடம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் எங்கள் தொழில். ஒரு போன் இன்டர்நெட்டைத் தொட்டதும் நெட்வொர்க்கோடு அதற்கு ஒரு தொடர்பு உண்டாகும். அதை செஷன் என்போம். நீங்கள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே அதன் வேகத்தையும் முன்னுரிமையையும் நெட்வொர்க்கால் மாற்ற முடியும். மாற்றத்தைப் போனுக்குச் சொல்லி, போன் "சரி" என்று பதில் அனுப்பினால் காரியம் முடிந்தது. பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. செஷனை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது சுலபம்தான், ஆனால் பேச்சு அறுந்துவிடும். வெட்டும் வழியை யாராவது வாயில் எடுத்தால் நானாவுக்குக் கோபம் வரும்.

"ஓடுற பஸ்ஸில கைப்புள்ளக்காரிக்கு முன்சீட் குடுக்கோணும். அதுக்கு பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கி ஏத்துறவன் கண்டக்டரா?"

நான் அங்கே பொறியியலாளராகச் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிற நேரம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள், பேராதனையில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை நிரந்தரமாவதற்கு ஒரு சோதனை மிச்சம் இருந்தது. மலைநாட்டு கிளினிக்குகளின் வீடியோ அழைப்புகளை, ஓடும்போதே தரம் உயர்த்தும் கணினி விதி ஒன்றை எழுதியிருந்தேன். கொழும்புத் தலைமையகத்துப் பெரியவர்கள் பார்த்திருக்க, ஒரே அழைப்பில், அறுந்துபோகாமல் அதைச் செய்து காட்ட வேண்டும். அறுந்தால் என் நிரந்தரக் கடிதமும் அறுந்தது மாதிரிதான்.

அழைப்பை எடுப்பது மலையூரான ஹுன்னஸ்கிரியவிலிருந்து, வெட்டாத நானா.

அன்று காலை என் மேசைத் திரையில் நானா தெரிந்தார். கொழும்புக்காரர்களுக்கும் தெரிந்தார். தெரிந்தார் என்றால், படம் உடைந்து, மூக்கு ஒரு கட்டமும் தாடி நாலு கட்டமுமாக. நான் மிடுக்காகக் கட்டளையை அனுப்பினேன். போனிலிருந்து "சரி" என்று பதில் வந்தது. "இப்போது பாருங்கள்" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். தாடி மூன்று கட்டமாயிற்று.

மறுபடி அனுப்பினேன். மறுபடியும் "சரி". படம் அப்படியேதான் இருந்தது.

பின்னால் நின்ற எங்கள் மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். குனிந்து மெல்லச் சொன்னார்: "பிள்ளை, வெட்டிப்போட்டுத் திரும்ப எடுப்பம். மழை எண்டு சொல்லிச் சமாளிக்கலாம்."

நானாவோடு பேசத் தனியாகத் திறந்திருந்த வேன் போன் வழியாக மேலாளரின் குரல் மலை ஏறிப் போயிருக்க வேண்டும். நானா திடுக்கிட்டு வேனைவிட்டு இறங்கினார். உள்ளே சிக்னல் பலவீனம், வெளியே கொட்டும் மழை. சிக்னல் நிற்கிற இடமாகப் பார்த்து, பாதையோர மதகில் ஏறி நின்று, அழைப்பை வெட்டவிடாமல் கொழும்புக்குப் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார்.

"சேர், இப்ப மிஸ்ட் வருது. வந்திட்டு. எனக்கு ஒண்டும் தெரியல்ல. உங்களுக்கும் தெரியல்ல தானே? அப்ப ரெண்டு பக்கமும் ஒரே குவாலிட்டி!"

கொழும்பில் ஒருவர் சிரித்தார்.

"கால்ல அட்டை ஒண்டும் ஏறிட்டு சேர். பரவால்ல, அவரும் கனெக்ட் ஆகித்தான் ஈக்கிறார். ரத்தம் குடிச்சு முடிச்சா அவரே போவார். நாங்க வெட்டேலா."

மூன்று பேர் சிரித்தார்கள். நானா குசினிக் கதையை ஆரம்பித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விதியை ஒவ்வொரு வரியாகத் தேடினேன். மதகில் நின்ற மனிதர் இருபது நிமிடம் நனைந்தார்.

பிழை என்னுடையதுதான். ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு செஷன் இருக்கும், ஒன்று சாதாரண அழைப்புக்கு, மற்றது இன்டர்நெட்டுக்கு. அலுவலகத்துச் சோதனைப் போனில் இன்டர்நெட் முதலாம் இலக்கம். எல்லாப் போனும் அப்படித்தான் என்று எண்ணி, விதியில் "ஒன்று" என்று எழுதிவிட்டேன். நானாவின் போனில் அது இரண்டாம் இலக்கம். யாரும் எடுக்காத சாதாரண அழைப்புக்கு நான் இரண்டு தடவை ராஜமரியாதை கொடுத்திருக்கிறேன். போனும் பணிவாக இரண்டு தடவை "சரி" சொல்லியிருக்கிறது.

இலக்கத்தை மாற்றி அனுப்பினேன். அடுத்த நொடி நானாவின் தாடியில் தனித்தனி மயிர் தெரிந்தது. மயிர் நுனியில் மழைத்துளி தெரிந்தது. அழைப்பு அறுந்துபோகவில்லை. கொழும்பில் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பிழையை மூடி வைத்து வாங்கும் கடிதம் எனக்குத் தேவையில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நானா போன் பண்ணி, தான்தான் போனில என்னத்தையோ மாத்திப்போட்டன் எண்டு சொன்னவன். ஒரு பிழைக்கு ரெண்டு பேர் சண்டை பிடிக்கிறியள். விதியைத் திருத்திக் கொண்டு வா, கடிதத்தைத் தாறன்."

நானா அன்று வேலைக்கு வரவில்லை. கடுமையான தடிமன், காய்ச்சல். போனில் கேட்டதற்கு, "ஒண்டுமில்ல தங்கச்சி, மூக்கு மட்டும் நிப்பாட்டாம ஓடுது" என்றார்.

மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். செஷன், விதி, இலக்கம், மழையில் நின்ற நானா எல்லாம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"அந்தத் தம்பி மழையில நனைஞ்சது ஒன்னாலயா?"

"ஆமாம்மா."

அம்மா எழுந்து, நானாவின் தடிமனுக்கு என்று அடுப்பில் கொத்தமல்லித் தண்ணி வைத்தார். இரண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டார். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வீட்டு ஆளுக்குப் போடுகிற மாதிரி, மூன்றாவது துண்டையும் போட்டார்.